பிள்ளைக்காம்பராவில் அடங்கிய பிள்ளை

பூரணிக்கு முதலில் பொறாமை வந்தது பக்கத்துக் காம்பரா மீனம்மாவின் மீது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப்போகும் ஆத்துமேட்டுத் தோட்டத்தில், ஒற்றைக் காம்பரா வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில், ஒரு சுவர் தள்ளி இருவரும் குடியிருந்தார்கள். அரசாங்கம் தோட்டங்களைக் கையேற்ற வருஷம் இருவருக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. மீனம்மாவுக்கு அழகன், பூரணிக்குப் பவளம்.

மீனம்மா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு சாக்கை விரித்து அழகனை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குப் போவாள். குடத்தை நிரப்பி, அங்கே நிற்கிறவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வரும்போதும் அவன் அதே சாக்கில், அதே இடத்தில், ஒரு தேயிலைக் குச்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போகிற வருகிறவர்கள் எல்லாம், "தங்கமான புள்ள, மீனம்மா குடுத்து வெச்சவ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பூரணி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கையில் பவளம் துள்ளிக்கொண்டிருப்பாள்.

பவளத்தை எந்தச் சாக்கிலும் உட்கார வைக்க முடியாது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நடக்கவேயில்லை, ஓடினாள். கதவு திறந்திருந்தால் தண்ணீர்க் கானைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, ரோட்டுக்கே போய்விடுவாள். கம்பளி மேலே பட்டால் நெருப்புப் பட்டதுபோல் அலறுவாள். அந்தக் குளிரில் கம்பளி இல்லாமல் பிள்ளையை எப்படி வளர்ப்பது? பூரணி தன்னுடைய பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் படுக்க வைத்தாள். ரொட்டி தின்பாள், ஆனால் அதில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டிருந்தாலும் துப்பிவிடுவாள். தலையில் சீப்பை வைத்தால் கடிப்பாள். எல்லாவற்றையும் விட மோசம் மழை. தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியதும் பவளம் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். அந்த மலையில் மழை பெய்யாத மாதம் எது?

இன்றைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு லயத்தில் இருந்த பெயர்கள் வேறு. சேட்டை, கிறுக்கு, காத்துக் கறுப்பு. பெரும்பாலும் தாயின் வளர்ப்பு.

மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடிக்கத் தொடங்கியபோது பவளம் பூரணியின் தோளைக் கடித்துவிட்டாள். ரவிக்கையில் இரத்தம் கசிந்தது. சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மா இடுப்பிலிருந்த அழகன் தப்புச் சத்தத்துக்கு ஏற்பக் கையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் கண்டிச்சு வளத்தா சரியாயிரும் பூரணி" என்றாள் மீனம்மா. நல்ல மனதோடுதான் சொன்னாள். பூரணி அன்றைக்கு அவளை ஜென்மத்துக்கும் வெறுத்தாள்.

"அவ புள்ளைக்கு ஒரு காய்ச்சலாவது வரக்கூடாதா?" என்று அன்று இரவு புருஷனிடம் கேட்டாள்.

சின்னராசா கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவன். நாள் முழுக்க இரைச்சலுக்குள் நிற்பதாலோ என்னவோ வீட்டில் அதிகம் பேசமாட்டான்.

"வாயைக் கழுவு" என்றான்.

"நீங்க பகல்ல வீட்டுலயா இருக்கீங்க? நாந்தான் நித்தம் பாக்குறேன். அங்கிட்டுப் பாத்தா ஒரு புள்ள. இங்கிட்டுப் பாத்தா ஒரு புள்ள. வெந்துபோகுதுங்க."

அவன் திரும்பிப் படுத்தான். பூரணி சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் பொறுக்கவில்லை.

தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது பிள்ளைக்காம்பராவில். முன்பு அங்கே இருந்த ஆயம்மா பவளத்தை நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை மேய்க்க என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அதனால் பூரணி பாதி நாள் வேலைக்குப் போகாமல், போன நாளிலும் அரை மனதோடு நின்று, கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு காலத்தைத் தள்ளினாள். பவளத்துக்கு மூன்று வயது முடிந்தபோது அந்த ஆயம்மா நின்று மரியநாயகி வந்தாள்.

மரியநாயகி மேட்டு லயத்துக்காரி. வேதக்காரக் குடும்பம். புருஷன் செபமாலை தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை செய்கிறவர். மூன்று ஆண்பிள்ளைகள், மூவரும் தலையெடுத்துவிட்டார்கள். பருத்த உடம்பு, மெதுவான நடை. அவளே பூரணியின் வாசலுக்கு வந்து, "புள்ளையக் கொண்டாந்து விடு. பாப்போம்" என்றாள்.

"அக்கா, அது ஒரு எடத்துல இருக்காது. கடிக்கும்."

"கடிச்சா கடிச்சுட்டுப் போவுது. எம்மேல சதைக்கா பஞ்சம்?"

முதல் வாரம் பூரணி மலையில் ஒவ்வொரு கொழுந்தைக் கிள்ளும்போதும் கீழேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது வாரமும் கூப்பிடவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. அது சீக்கிரமே வேறு ஒன்றாகத் திரிந்தது. சாயந்திரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வந்ததும், அவள் முகத்தைக் கண்ட அந்தக் கணமே பவளம் வீறிட்டு அழுவாள். தரையில் விழுந்து புரளுவாள். தூக்கினால் உதைப்பாள்.

"இம்புட்டு நேரம் நல்லாத்தான் இருந்தா" என்பாள் மரியநாயகி.

அந்த ஒரு வார்த்தை பூரணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மரியநாயகியிடம் நல்லாயிருக்கிற பிள்ளை தாயைக் கண்டால் அழுகிறது என்றால் என்ன அர்த்தம்? உதைக்கிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு நடக்கும்போது எதிரே வருகிறவர்களின் கண்களில் அந்த அர்த்தம் எழுதியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் வந்தபோது பவளத்தின் தலை வாரியிருந்தது. சும்மா வாரவில்லை. எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தது. பவளம் பிறந்து மூன்றரை வருஷத்தில் பூரணியால் ஒரு தடவை கூட அந்தத் தலையில் சீப்பை முழுசாக இழுக்க முடிந்ததில்லை. சடை விழுந்தால் கத்தரியால் வெட்டிவிடுவதுதான் வழக்கம்.

"பாத்தியா எம்புட்டு அழகா இருக்கான்னு" என்று மரியநாயகி சந்தோஷமாகச் சொன்னாள்.

பூரணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் தலையில் வேறொருத்தி வீட்டு எண்ணெய் மணத்தது. காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அந்த ரிப்பனைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். பின்னலையும் அவிழ்த்தாள். பவளம் கத்திய கத்தலில் மீனம்மா சுவரைத் தட்டினாள்.

"என்னா பூரணி, என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒங்க வேலையப் பாருங்க."

அவிழ்த்து முடித்ததும் பூரணிக்கே அழுகை வந்துவிட்டது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தெரியாமல் ஒரு ரொட்டியைச் சுட்டு, ஓரத்தைக் கருக்கி, அவளுக்குப் பிடித்த மாதிரி கொடுத்தாள். பவளம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், காலில் அட்டை கடித்த இடம் வீங்கிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுப் பூரணி மலையிலிருந்து மத்தியானமே இறங்கினாள். பெரிய மழை. பிள்ளைக்காம்பராவின் பின்பக்க ஜன்னல் ஓரமாகப் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைகள் ஏணைகளில் தூங்கிக்கொண்டிருந்தன. மரியநாயகி மூலையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு தொடைகளுக்கும் நடுவே பவளம் சுருண்டு கிடந்தாள். மேலே ஒரு படங்குச் சாக்கை நாலாக மடித்துப் பாரமாகப் போட்டிருந்தாள். பிள்ளையின் இரண்டு காதுகளையும் தன் அகலமான உள்ளங்கைகளால் மூடி, உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். கூரையில் மழை இடித்தது. பவளம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை பெய்யும்போது தன் பிள்ளை தூங்கிப் பூரணி பார்த்ததேயில்லை.

மரியநாயகி பிள்ளையை அடித்திருந்தால் கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. உள்ளே ஓடிப்போய் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடுங்கினால் எழுந்து அழும். அதுவும் தெரிந்துதான் இருந்தது. முழுக்க நனைந்துகொண்டு அங்கேயே நின்றாள். 

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், பெண்கள் கூடியிருந்தபோது, யாரோ பவளத்தைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள். மரியநாயகி கையில் மந்திரம் இருக்கிறது என்றார்கள். பூரணியின் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"மந்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னமோ மருந்தக் குடுத்துத் தூங்க வைக்கிறாங்க. வீட்டுக்கு வந்தா புள்ள மயங்கியே கெடக்குது."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த நொடியிலேயே அதைத் திருப்பி எடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அவளைக் கூப்பிட்டு, "நெசமா?" என்று கேட்டபோதும் தலையை ஆட்டினாள். மற்றத் தாய்மார் பயந்து பிள்ளைகளைக் கொண்டுவர மறுத்தார்கள். மரியநாயகியைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்துக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். அவள் இடத்துக்குக் கங்காணியின் சொந்தக்காரி ஒருத்தி வந்தாள்.

மரியநாயகிக்கு விழுந்த தேயிலை நிரை பூரணியின் நிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பருத்த உடம்போடு அவள் மூச்சு வாங்க ஏறினாள். பூரணியைப் பார்த்தபோது எப்போதும் போலத் தலையை ஆட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொழுந்து கிள்ளினார்கள்.  பூரணி நினைத்திருந்த சந்தோஷமும் வரவில்லை.

ஒரு நாள் காலைத் தேத்தண்ணி நேரத்துக்குப் பூரணி கீழே இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்குள் போனாள். பவளம் மூலையில் தூணோடு கட்டப்பட்டிருந்தாள். கணுக்காலில் சணல் கயிறு. எத்தனை தடவை இழுத்திருப்பாளோ, தோல் உரிந்து சிவந்திருந்தது. அழவில்லை. அழுது முடித்துவிட்டு, நெற்றியைத் தூணில் மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடிருதே, நான் என்னா செய்ய? ஒத்தப் புள்ளையா எனக்கு?" என்றாள் புது ஆயம்மா.

பூரணி அவளோடு சண்டை போடவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். பிள்ளையைத் தூக்கினாள். பவளம் உதைத்தாள், கடித்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு படிக்கட்டு ஏறி, தேயிலைக்குள் புகுந்து, மலை உச்சி நிரை வரைக்கும் போனாள். கங்காணி மாயாண்டி பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏய், புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போற? வேலை நேரம்!"

அவள் காதில் வாங்கவில்லை. மரியநாயகியின் முன்னால் போய் நின்றாள். சுற்றிலும் நின்ற பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, நான் சொன்னது பொய். நீங்க மருந்து குடுக்கல. நான் பொறாமையில சொல்லிட்டேன்." எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

மரியநாயகி கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். பவளத்தின் காலைப் பிடித்துக் கணுக்காலைப் பார்த்தாள். அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"தெரியும் புள்ள" என்றாள். "ஒன்னத் தவிர யாரு சொல்லியிருப்பா?"

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இல்லேன்னு சொல்லுவ. பொறவு ஒரு பொய் ரெண்டு பொய்யாயிரும்."

மாயாண்டி ஏசிக்கொண்டே மேலே வந்தார். பிள்ளையின் காலைக் கண்டதும் அவரும் ஏச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "போய் அந்தப் பக்கமா உக்காந்து பேசித் தொலைங்க" என்று திரும்பிப் போனார்.

ஒரு பாறையோரமாக மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பவளம் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"எடுத்துக்குங்க அக்கா" என்று பூரணி பிள்ளையை நீட்டினாள். "ஒங்ககிட்டதான் அடங்கும். பெத்தவ நான் எதுக்கு?"

மரியநாயகி வாங்கவில்லை.

"நீ மட்டுந்தான் பொறாமையில வெந்தேன்னு நெனக்கிறியா?" என்று கேட்டாள். "சாயந்திரம் ஸ்டோர் சங்கு ஊதுமில்ல, அந்தச் சத்தம் இவளுக்கு ஆகாது. ஆனா அது ஊதுனதும் காதைப் பொத்திக்கிட்டே வாசலுக்கு வந்து நிப்பா. மலைப் பாதையைப் பாத்துக்கிட்டே நிப்பா. நான் கூப்புட்டா திரும்ப மாட்டா. தொட்டா கையத் தட்டிவிடுவா. காலையிலருந்து மடியில வெச்சிருந்தவ நான். அந்த நேரத்துல அவளுக்கு நான் யாரோ. எனக்கு எப்புடி இருக்கும்?"

பூரணி நீட்டிய பிள்ளையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒன் தலை பாதையில தெரிஞ்சதுந்தான் அழத் தொடங்குவா. நாளெல்லாம் மழை, சத்தம், மத்த புள்ளைங்க இடிக்கிறது, எல்லாத்தையும் உள்ளுக்குள்ள அடக்கி வெச்சுக்கிட்டு இருக்கா. அத ஒன்கிட்ட கொட்டுறா. என்கிட்ட கொட்டல. அவ்வளவு நம்பிக்கை எம்மேல இல்ல. அது அம்மாகிட்டதான்."

"எனக்குச் சமாதானம் சொல்றீங்க."

"மூணு ஆம்பளப் புள்ள பெத்தவ நான். சமாதானம் சொல்றவளா நான்?"

பூரணி அன்றைக்கே கண்டாக்கு ஐயாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் ஆபீசுக்குள் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவளைத் திட்டினார். "ஒங்க லயத்துச் சண்டைக்கு நான் ஆள் மாத்திக்கிட்டு இருக்கணுமா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புது ஆயம்மா கங்காணியின் சொந்தம் என்பதால் இழுபறியாகி, ஒரு மாதத்துக்குப் பிறகே மரியநாயகி பழைய வேலைக்குத் திரும்பினாள்.

ஆனாலும் மரியநாயகி சொன்னது பூரணிக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. தானே பார்க்கவும் வழியில்லை. அவள் போனால் பிள்ளை கண்டுகொள்ளும். சின்னராசாவை அனுப்பினாள். அவன் ஸ்டோரில் சொல்லிவிட்டு வெளியே வந்து, சங்கு ஊதுகிற நேரத்துக்குப் பிள்ளைக்காம்பராவின் பக்கத்து மரத்தடியில் நின்று பார்த்தான்.

"நெசந்தான்" என்றான் வீட்டுக்கு வந்து. "காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. கண்ணு மட்டும் பாதையில. யாராலயும் அசைக்க முடியாது போல. நீ வர்ற வரைக்கும் நின்னா பூரணி."

 பூரணிக்கு அப்போதும் ஒரு கோபம் வந்தது. அந்த முகத்தை மரியநாயகி பார்த்திருக்கிறாள், இவரும் பார்த்துவிட்டார், எனக்கு மட்டும் ஒரு நாளும் கிடைக்காது என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் சாயந்திரங்களில் அவசரப்பட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளைக்காம்பராப் படியிலேயே உட்கார்ந்தாள். பவளத்தை மடிக்குள் இழுத்து, மரியநாயகி செய்வது போல உடம்பால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழு என்று விட்டாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள். அழுகை முன்னை விடச் சீக்கிரமாக ஓயத் தொடங்கியது. சில நாளில் ஓயாது. அந்த நாட்களில் மரியநாயகியும் வந்து பக்கத்தில் உட்காருவாள், ஆனால் கையை நீட்டமாட்டாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு மரியநாயகி வீட்டுக்கு இந்தியாப் பாஸ்போட் வந்தது. அந்த நாட்களில் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தியாவுக்கே போகிறோம் என்று செபமாலை எப்போதோ எழுதிக்கொடுத்திருந்தது இப்போது வந்து நின்றது. கண்ணால் கண்டிராத ஊருக்கு மரியநாயகி பெட்டி கட்டினாள்.

அட்டன் ஸ்டேசனில் ஒரே அழுகையும் ஒப்பாரியும். பூரணி பவளத்தையும் கூட்டிப் போயிருந்தாள். இரைச்சல் தாங்காமல் பிள்ளை ஒரு பெஞ்சுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். மரியநாயகி குனிந்து, பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டி, "பவளம், அத்தை போயிட்டு வரட்டுமா?" என்றாள். பவளம் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த ஒரு டிக்கட் துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். 

ரயில் போனபோது பூரணியின் மனதுக்குள் அற்பமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளுக்காகப் பிள்ளை அழவில்லை. ஒரு சொட்டுக் கூட.

அந்தச் சந்தோஷம் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும்தான் நிலைத்தது. பவளம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் விடியுமுன்னே காணாமல் போனாள். தேடிக்கொண்டு போனால் பூட்டிக் கிடந்த பிள்ளைக்காம்பரா வாசலில் குளிரில் உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீண்டும் போனாள். நாலைந்து நாள் இப்படியே. ரொட்டியைக் கையில் கொடுத்தாலும் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டாள்.

பூரணி கடைசியில் தூக்கி வருவதை விட்டுவிட்டாள். ஒரு சேலையை எடுத்துக்கொண்டு போய், அந்த வாசலிலேயே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் அந்தப் பழைய நெருப்பு எரிந்தது. நான் இல்லாமல் போனால் இப்படி வாசலில் வந்து உட்காருவாளா என்றும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பிள்ளையைச் சேலையால் சுற்றினாள்.

"அத்தை ரயில்ல போயிட்டாங்க" என்றாள். "எனக்கும் அவங்க வேணுந்தான் சாமி. நான் என்னா பண்ணுவேன்?"

அது உண்மை என்று சொன்ன பிறகே அவளுக்கே தெரிந்தது. அழுதாள். பவளம் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமான விரலைச் சேலையில் துடைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஞானரட்ணம் மாஸ்டர் முதலில் மறுத்தார். ஒரே மண்டபத்தில் அஞ்சு வகுப்பு. எல்லோரும் சத்தமாகப் படிப்பார்கள். அங்கே ஓடுகிற பிள்ளையை எப்படி வைத்திருப்பது என்றார். பூரணி தினமும் போய் வாசலில் நின்றாள். "பின்னால ஜன்னல்கிட்ட நிக்க விடுங்க ஐயா. உக்காரச் சொல்லாதீங்க. சத்தம் கூடுனா வெளிய போயிட்டு அவளே திரும்பி வந்துருவா" என்றாள். நின்று நின்று அவரைச் சலிக்க வைத்தாள். கடைசியில் அவர், "ஒரு மாசம் பாப்போம்" என்றார். அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. பவளம் ஜன்னலோரம் நின்றபடியே எழுத்துப் படித்தாள். மற்றப் பிள்ளைகளை விட இரண்டு வருஷம் பிந்தித்தான் வாசிக்க வந்தது. ஆனால் வந்தது.

அழகனும் அதே பள்ளிக்கூடத்தில்தான். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பூரணிக்கு அவனைப் பார்க்கும்போது இன்னமும் ஏதோ செய்யும்.

அவர்களுக்கு ஒன்பது வயது நடந்தபோது, கொழும்பில் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு ஆள் பிடிக்கிறேன் என்று ஒரு தரகர் லயத்துக்கு வந்தார். மீனம்மாவின் புருஷன் அப்போது நெஞ்சு நோவால் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தான். தரகர் இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பவளம் அவருடைய குடையைப் பிடுங்கி விரித்து, அதற்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது ஆகாது" என்றார் அவர். "அந்தப் பொடியன் நல்ல அடக்கமா இருக்கான். சொன்ன இடத்துல இருப்பான் போல."

அழகனைக் கூட்டிப் போனார்கள். போகும்போதும் அவன் அடம்பிடிக்கவில்லை. தாய் சொன்ன இடத்தில் நின்றான், ஏறச் சொன்னபோது பஸ்ஸில் ஏறினான். அடுத்த தீபாவளிக்கு நாலு நாள் லீவில் வந்தபோது கொஞ்சம் உயர்ந்திருந்தான். தன் வீட்டு இஸ்தோப்பிலேயே உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தான்.

அவன் திரும்பிப் போன மறுநாள் பூரணி பீலியடியில் மீனம்மாவைக் கண்டாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மீனம்மா அதை எடுக்கவில்லை.

"ஒன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது பூரணி" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். "ராவுல ஒன் மக கத்துற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேக்குது. முந்தியெல்லாம் ஏசுவேன். இப்ப அத கேட்டுக்கிட்டே படுத்துருக்கேன். ஒனக்குக் கத்துறதுக்காவது வீட்ல புள்ள இருக்கு."

இந்த வார்த்தைக்காகப் பூரணி எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். மீனம்மா தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், ஒரு நாளாவது. இப்போது அது வந்தபோது அவளுக்கு இனிக்கவில்லை. அழகனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று கேட்டது இவள் வாய்தான். மீனம்மாவின் குடத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தாள். 

எண்பத்தாறில் பவளத்துக்குப் பதினோரு வயது. கம்பளி இன்னும் ஆகாது. மழை வந்தால் அவளே ஒரு மூலைக்குப் போய்ச் சாக்கைப் போர்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள். ரொட்டியோடு சம்பல் தின்னத் தொடங்கியிருந்தாள், ஆனால் இரண்டும் வேறு வேறு கோப்பையில் இருக்க வேண்டும். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் நாலு சொல்லுக்கு மேல் இராது.

ஒரு நாள் ஞானரட்ணம் மாஸ்டர் ரோட்டில் பூரணியைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "ஒங்க பவளம் இன்னைக்கு என்கிட்ட ஒரு பெரிய கதையே சொன்னா" என்றார். "இறம்பொடைப் பக்கம் ஒரு பெரிய அருவி இருக்காம். அதோட சத்தம் மட்டும் அவளுக்குப் பிடிக்குமாம். பஸ்ஸில போகும்போது கேட்டாளாம்."

பூரணி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்புப் போய்விட்டது.

"போன மாசம் பஸ்ஸில பக்கத்துல உக்காந்துக்கிட்டு வந்தது யாரு? நான்" என்று சின்னராசாவிடம் சொன்னாள். "என்கிட்ட மூச்சு விடல. அந்த மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கா. அப்புடி என்னா அவருகிட்ட?"

"இப்ப மாஸ்டர் மேலயா?" என்று சின்னராசா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான். பூரணி சிரிக்கவில்லை.